ஆளுக்கு ஒரு பிடி

பூந்தாழங்கரையில் மழையைப் பார்த்துப் போதும் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. சோற்றுத் தட்டைக் காலால் தள்ளக்கூடாது என்பது எப்படித் தெரியுமோ அப்படி இதுவும் எல்லோருக்கும் தெரியும். கூரை ஒழுகும்போதும், அடுப்புக் குழிக்குள் தண்ணீர் ஊறும்போதும், "செத்த நின்னு பெய்யட்டும்" என்பார்கள். அதற்கு மேல் போகமாட்டார்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர் அது. எட்டிப் பார்க்காத வருடங்களும் நிறைய. வருகிற தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு எழாது.

செவ்வந்திக்கும் அதே பழக்கம்தான். அந்தக் கார்த்திகையில் ஒரு புயல் கரையேறவும் மனமில்லாமல், விலகிப் போகவும் மனமில்லாமல் கடலுக்குள்ளேயே குந்திக்கொண்டு மழையை அள்ளி இறைத்தது. மாட்டுக்கொட்டகையின் ஒரு பக்கக் கீற்று சரிந்து விழுந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்து, "செத்த நின்னு பெய்யி சாமி" என்றாள். தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

சாமி நிற்கவில்லை.

அவளும் அவள் கணவர் இராஜாங்கமும் பயிரிட்டது சைத்தூன் பீவியின் நிலம். குத்தகை. இராஜாங்கத்தின் அப்பா காலத்திலிருந்து கைமாறாமல் வருகிறது. நட்ட பயிர் தூர்கட்டி, கரும்பச்சை ஏறி, இனிமேல் பயமில்லை என்று நினைத்த நேரத்தில் தண்ணீர் ஏறியது. முதலில் வரப்பு மறைந்தது. பிறகு பயிரின் இடுப்பு மறைந்தது, பிறகு தலை. இப்போது வாசலில் நின்று பார்த்தால் பனைமர வரிசை வரைக்கும் ஒரே வெள்ளம். காற்றடித்தால் சின்னச் சின்ன அலை எழும்பியது. வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் ஏரி அழகாயிருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பெய்கிற தண்ணீர் வடிகாலில் இறங்கிக் கடலுக்குப் போய்விட வேண்டும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வடிகாலின் குறுக்கே இரும்புக் கதவுகள் உண்டு. ஊரில் அதைச் சட்ரஸ் என்பார்கள். அந்தச் சட்ரஸின் கதவுகள் துருப்பிடித்து, பாதி திறந்த வாயோடு நின்றுபோய் வெகுகாலமாகிறது. ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. வடிகால் நெடுக ஆகாயத்தாமரை மெத்தை போட்டாற்போல மூடிக் கிடந்தது. கடலும் முன்போல இல்லை. அமாவாசை, பௌர்ணமி என்று ஒரு கணக்கு வைத்திருந்தது போய், நினைத்த நேரத்தில் ஏறி நிற்கிறது. வயலில் விழுந்த தண்ணீர் போக்கிடம் இல்லாமல் வயலிலேயே படுத்துவிட்டது.

இதைத்தான் இராஜாங்கம் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். மனுவாக எழுதிச் சொன்னார். சாலையில் உட்கார்ந்து சொன்னார். வடிகாலுக்குள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றும் ஒருமுறை சொன்னார். விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் அவர் தலை தெரிந்தாலே, "வாங்க சட்ரஸ்" என்று அதிகாரிகள் சிரிப்பார்கள். எஸ்டிமேட் மேலே போயிருக்கிறது என்பது எப்போதும் வருகிற பதில். அந்த மேலே என்பது எங்கே இருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. டீக்கடையில் அவர் பெயரை வைத்தே கேலி நடக்கும். "இராஜாங்கமே இராஜாங்கத்துக்கு மனு குடுத்துக்கிட்டு அலையுது. அப்பறம் அதை வாங்கிப் படிக்கிறது யாரு?" என்று ஒருவர் தொடங்கினால் கடையே சிரிக்கும். இராஜாங்கமும் கூடச் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, பச்சைத் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, அடுத்த மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டுவார்.

அவர் மனுவோடு அலைகிற நாட்களில் வயல் செவ்வந்தியுடையது. அதை அவள் குறையாகச் சொன்னதில்லை. ஊருக்காக ஒருவர் அலைந்தால் வீட்டுக்காக ஒருவர் குனியத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

அத்தனை வெள்ளத்திலும் ஒரே ஓர் இடம் பச்சையாக இருந்தது. வயலின் கிழக்கு ஓரத்தில், பத்துக் குழி, ஒரு வீட்டு மனை அளவுக்கு ஒரு மேடு. திடல் என்பார்கள். அதில் சீரகச் சம்பா நட்டிருந்தாள். தண்ணீர் அதன் காலைத் தொட்ட அன்றே மண்வெட்டியும் உரச்சாக்குமாக இறங்கிவிட்டாள். சேற்றை வாரிச் சாக்கில் கட்டி, சுற்றிலும் வரப்பை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினாள். உள்ளே கசிந்த தண்ணீரை ஈயக் குண்டானால் மொண்டு வெளியே ஊற்றினாள். காலையில் இறைப்பாள், மத்தியானம் இறைப்பாள், சாயங்காலம் மாரியம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு வந்தும் ஒருமுறை இறைப்பாள். உள்ளங்கை தோலுரிந்து வெளுத்துவிட்டது. வெளியே தண்ணீர் உயரத்தில் நின்றது, உள்ளே பயிர் பள்ளத்தில் நின்றது. நடுவில் அவள் கட்டிய மண் மட்டும்.

அந்தத் திடலுக்குக் குத்தகை கிடையாது. பண்ணையாளாக இருந்த இராஜாங்கத்தின் அப்பாவிடம் சைத்தூன் பீவியின் மாமனார் நிலத்தை ஒப்படைத்தபோது, "அந்த மேட்டுக்கு எனக்கு ஒண்ணும் தர வேணாம். நோன்பு வந்தா பள்ளிவாசல் கஞ்சிக்கு அதுல வெளையிறதைக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது. புது நெல்லில் முதல் மரக்கால் மாரியம்மன் பொங்கலுக்கு, மிச்சம் நோன்புக்கஞ்சிக்கு. சாயங்காலம் பாங்கு சொன்னதும் சாதி பார்க்காமல் ஊர்ப் பிள்ளைகள் தூக்குவாளியோடு ஓடி வாங்கிக் குடிக்கிற கஞ்சி அது.

அன்று முற்பகலில் சைத்தூன் பீவி குடையும் தூக்குவாளியுமாகக் கரையில் வந்து நின்றார்.

"ஏ செவ்வந்தி, காலு ஊறி அழுகிடப் போவுது. ஏறு. பசியாறிட்டு இறை."

"இந்தா வந்துட்டேங்க்கா. இந்த மூலையில கசியுது. நண்டு வளை போட்டிருக்கு."

"நண்டுக்கும் ஒரு மேடு வேணும்ல. அது எங்க போவும்?"

"அதுக்கும் சேத்துத்தான் இறைக்கிறேன்."

செவ்வந்தி கரையேறி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இடியாப்பத்தை வாங்கினாள். தேங்காய்ப்பால் இன்னும் சூடாக இருந்தது.

"நுஸைபா வந்திருக்காளாமே."

"வந்திருக்கா. வந்ததும் வராததுமா போனைத் தூக்கிக்கிட்டுத் தண்ணியப் படம் புடிக்கப் போயிட்டா." நுஸைபா சைத்தூன் பீவியின் கடைசி மகள். அவள் அண்ணன் ஃபஹத் துபாய்க்குப் போனான், இவள் சென்னைக்குப் போனாள். படிப்பை முடித்துவிட்டுச் சுற்றுச்சூழல் இயக்கம் ஒன்றில் இருக்கிறாள். "உலகம் சூடாவுதாம். ஐஸு மலை உருகி கடலு ஏறுதாம். அடியே, நம்ம கெணத்துத் தண்ணியில ஒல வச்சா உப்பே போட வேணாம், இதச் சொல்லவா ஒன்னய சென்னைக்கு அனுப்புனேன்னு கேட்டேன்."

"படிச்சவங்க சொன்னாத்தானக்கா கேப்பாங்க."

"கேட்டாங்களா?"

செவ்வந்தி யோசித்தாள். "எங்க வீட்டுக்காரரு சொன்னாலும் கேக்கல. ஒங்க பொண்ணு சொன்னாலும் கேக்கல. கேக்காம இருக்குறதுல அவங்க ஆளு பேதம் பாக்கல. அது வரைக்கும் நல்ல மனுசங்கதான்."

சைத்தூன் பீவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் திடலைப் பார்த்தார். "இந்த வருஷம் நோன்பு மாசியிலயே வந்துடுது. இது தேறுமா?"

"தேறும்க்கா. தை கடைசியில அறுத்துடலாம். கஞ்சிக்கு ஒரு மூட்டை கண்டிப்பா காணும். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

"நான் கஞ்சிக்காகக் கேக்கல புள்ள. ஒன் கையப் பாத்துட்டுக் கேட்டேன்."

செவ்வந்தி கையை மடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் இராஜாங்கத்தின் வீட்டில் ஆட்கள் கூடினார்கள். மறுநாள் வெள்ளம் பார்க்க மந்திரி வருகிறார், பூந்தாழங்கரை வழியாகத்தான் போகிறார் என்ற சேதியைக் கட்சிக்காரர் பஞ்சநதம் கொண்டுவந்திருந்தார். அவருக்கும் அந்த வெள்ளத்துக்குள் நிலம் இருந்தது. கட்சிக்காரர் என்றாலும் அவர் பயிரைத் தண்ணீர் தனியாக விட்டுவைக்கவில்லை.

"ரோட்டு மதகடியில ரெண்டு நிமிஷம் நிப்பாட்டுறேன்னு பி.ஏ. சொல்லியிருக்காரு மாமா. கோஷம் கீஷம் வேணாம். பயிரக் கையில புடிச்சுக்கிட்டு வரிசையா நில்லுங்க. எறங்கிப் பாப்பாரு. பாத்த எடத்துலயே சட்ரஸைப் பத்திச் சொல்லிடலாம்."

"எறங்குவாருங்களா?" என்று கேட்டாள் நுஸைபா. மழைக்கோட்டைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் இயக்கத்திலிருந்து வந்த அட்டைகள் மடியில் இருந்தன. காலநிலை நீதி வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

"எறங்குவாரும்மா. அந்த அட்டையெல்லாம் வேணாம், சும்மாவே அவருக்குச் சந்தேகம் ஜாஸ்தி. அப்பறம் ஒண்ணு..." பஞ்சநதம் சற்றுத் தயங்கினார். "அழுகுனதக் கொண்டாந்துடாதீங்க மாமா. அந்த நாத்தத்துக்குக் கிட்டவே வர மாட்டாரு. வேற ஊருல இப்படித்தான் கொழகொழன்னு கொண்டாந்து நீட்டி, வேட்டியில பட்டு, முறைச்சுக்கிட்டு ஏறிப் போயிட்டாரு."

"அழுகுனதப் பாக்கத்தானே வர்றாரு?"

"நீ கேக்குறது சரிதாம்மா. ஆனா ஊருக்கு வர்றவரு மூஞ்சிக்கு நேரா நாத்தத்த நீட்டுறது நம்ம பழக்கமா, சொல்லு."

நுஸைபா இராஜாங்கத்தைப் பார்த்தாள். அவர் ஏதாவது சூடாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை அவரை எங்கோ தொட்டுவிட்டது. போலீஸ் வேனில் ஏற்றப்பட்டவர்தான், லத்தியடி வாங்கியவர்தான். ஆனால் அவர் மனுவைத் திருப்பி அனுப்பிய அதிகாரியே ஊருக்குள் வந்து நின்றாலும், முதலில் இளநீர் வெட்ட அரிவாளைத் தேடுகிறவர். எதிராளி வேறு, வந்தவர் வேறு. அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. அது நல்ல குணமா கெட்ட குணமா என்று மேலே இருக்கிறவன்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"சரிப்பா. நாத்தமில்லாம கொண்டாரோம்" என்றார்.

உள்ளே வரக்காபி கலக்கிக்கொண்டிருந்த செவ்வந்தியின் காதிலும் இது விழுந்தது. நாளைக்காவது மந்திரி சட்ரஸைப் பார்க்கட்டும் என்று மாரியம்மனை நினைத்துக்கொண்டு சர்க்கரையைப் போட்டாள். அப்போது அவளுக்குத் திடல் ஞாபகம் வரவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. கொட்டகை இடிந்துவிடும் போலிருந்ததால், திடலில் ஒருமுறை இறைத்துவிட்டு, பசுவை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் போனாள். பசு தண்ணீரைக் கண்டு நின்று நின்று வந்தது. பள்ளிக்கூடத் தூணில் கட்டி, நனையாத வைக்கோல் இரண்டு கை போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, தூரத்தில் வயல் வரப்பிலிருந்து சாலைக்கு ஒரு வரிசை ஏறுவதைப் பார்த்தாள். வரிசையில் எல்லார் கையிலும் பச்சை. சாம்பல் நிற வானத்துக்கும் சாம்பல் நிறத் தண்ணீருக்கும் நடுவே அந்தப் பச்சை மட்டும் அசைந்து அசைந்து போயிற்று. பார்க்க நன்றாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தாள்.

பிறகுதான் ஊரில் வேறெங்கும் பச்சை கிடையாது என்பது உறைத்தது.

நடந்ததைப் பின்னால் நுஸைபா சொன்னாள். எல்லோரும் முதலில் பெரிய வயலில்தான் இறங்கியிருக்கிறார்கள். பிடித்து இழுத்தால் பயிர் வரவில்லை. கறுத்த தோல்தான் சளி மாதிரிக் கையோடு வந்தது. நாற்றம் தாங்கவில்லை. கார்கள் திருத்துறைப்பூண்டி தாண்டிவிட்டன என்று பஞ்சநதத்துக்குப் போன் வந்துவிட்டது. இராஜாங்கம் திடல் வரப்பில் போய்ச் சற்று நேரம் சும்மா நின்றாராம். பிறகு, "ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்குங்க. ஓரமா எடுங்க, உள்ள மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவரே முதல் பிடியைப் பிடுங்கினாராம். நாற்பது பேருக்குக் குறையாது. எல்லாம் கதிர் அரிவாள் பிடித்த கைகள். அவர்கள் பிடி பெரிய பிடி. முன்னால் வந்தவர்கள் ஓரத்தை முடித்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் உள்ளே கால் வைத்தார்கள். ஈர மண் அத்தனை பாரம் தாங்குமா?

செவ்வந்தி திடலுக்கு வந்தபோது இரண்டு இடங்களில் வரப்பு உடைந்து தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், தன் வீட்டுக்குள் போகிற மாதிரி போயிற்று. மிச்சமிருந்த பயிர் மிதிபட்டு ஒருக்களித்துக் கிடந்தது. அவள் குண்டானை அங்கேதான் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அது மிதந்து ஒரு மூலையில் போய் முட்டிக்கொண்டிருந்தது.

சாலையில் கார் ஒலி கேட்டது.

அவள் மதகடிக்கு ஓடிச் சேர்ந்தபோது கார்கள் வந்துகொண்டிருந்தன. ஆட்கள் சாலையோரத்தில் வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக நின்றார்கள். இராஜாங்கம் முன்னால் நின்றார். இரண்டு கையாலும் பயிரை ஏந்தியிருந்தார், சாமிக்குப் பூத்தட்டு நீட்டுகிறாற்போல. நடுவில் வந்த வெள்ளைக் கார் மெதுவானது. கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்து ஒரு முகம் வரிசையைப் பார்த்து, கைகளைப் பார்த்து, கும்பிட்டது. இராஜாங்கம் வாயைத் திறந்தார். கண்ணாடி ஏறியது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், வளைவில் மறைந்தன.

பஞ்சநதம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சார், சார்" என்றார். அந்தப் பக்கம் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

இராஜாங்கம் நடுச்சாலைக்குப் போய் உட்கார்ந்தார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை காலம் தெரிந்தது அதுதான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். போலீஸ்காரர்கள் வேனோடு வந்தார்கள். "ஏறுங்க பெரியவரே, பின்னால பஸ்ஸு நிக்குது" என்று கையைப் பிடித்து எழுப்பினார்கள். தள்ளுமுள்ளில் பயிரெல்லாம் கீழே விழுந்தது. வேனின் கம்பிக்குப் பின்னாலிருந்து இராஜாங்கம் அவளைப் பார்த்தார். சேறு படிந்த அவள் முழங்காலைப் பார்த்தார். அவள் திடலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நுஸைபாவை மட்டும், வயசுப் பொண்ணு வீட்டுக்குப் போ என்று விட்டுவிட்டார்கள். அவள் மைல்கல்லில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வந்தி பக்கத்தில் போனதும் போனை நீட்டினாள். அடுத்த ஊரில் மந்திரி மைக்குகளின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். பூந்தாழங்கரையில் விவசாயிகள் பயிரைக் கொண்டுவந்து காட்டினார்கள், என் கண்ணால் பார்த்தேன், பயிர் நல்ல பசுமையாக இருக்கிறது, பயப்படும்படி பாதிப்பு எதுவும் இல்லை என்றார். மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

"நான் போட்ட படத்துக்குக் கீழயும் அதான் எழுதுறாங்க அத்தை. பச்சைப் பயிரப் புடிச்சுக்கிட்டு நாடகம் போடுறாங்கன்னு." அவள் போனை மடியில் கவிழ்த்தாள். "நாலு வருஷமா கத்துறேன். தட்டி எழுதுறேன், ஊர் ஊரா கூட்டம் போடுறேன். யாருக்கு அத்தை இதெல்லாம்? இன்னைக்கு என் கண்ணு முன்னாடி புடுங்குறாங்க, நானும் போனப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல."

செவ்வந்தி சாலையில் கிடந்த பயிரைப் பார்த்தாள். சில வேரோடும் மண்ணோடும் கிடந்தன. சிலவற்றின் மேல் சக்கரம் ஏறியிருந்தது.

"வேரு இன்னும் காயல" என்றாள். "எந்திரி. பொறுக்குவோம்."

"இதையா?"

"பயிருக் குத்தப் பிரிச்சு நட்டா புடிக்கும். புடிக்கிறது புடிக்கட்டும்."

இருவரும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்கள். பேருந்து ஒன்று ஒலியெழுப்பியது. மதகடியில் காவலுக்கு விட்டுப்போன ஒரு போலீஸ்காரர் அதைக் கை காட்டி நிறுத்தினார். வயிறு சற்றுப் பெருத்தவர். "பயிரு மேல ஏத்தாத, ஓரமா போ" என்று டிரைவரிடம் சொன்னார். பிறகு அவரும் குனிந்து, தன் பூட்ஸுக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டு குத்துகளை எடுத்து நுஸைபாவிடம் கொடுத்தார். "எங்க வீட்லயும் நடவு முழுகித்தாம்மா கெடக்கு" என்றார்.

திடலில் முதலில் வரப்பை அடைக்க வேண்டியிருந்தது. நுஸைபா மழைக்கோட்டைக் கழற்றி உடைப்பில் வைத்து, அதன்மேல் மண்ணைப் போட்டாள். செவ்வந்தி இறைத்தாள். சேதி கேட்டு வந்த சைத்தூன் பீவி கொண்டுவந்த வாளியைக் கரையில் வைத்து, செருப்பை விட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்.

"அக்கா, ஒங்களுக்கு முட்டி வலி. ஏறுங்க."

"வலிச்சா வலிச்சுட்டுப் போவுது. அந்த வாளிய எடுத்துக் குடு."

வெகுநேரம் மூன்று பேரும் மாற்றி மாற்றி இறைத்தார்கள். சேறு தெரிய ஆரம்பித்தபோதுதான் செவ்வந்தி அழுதாள். இறைத்துக்கொண்டே அழுதாள்.

"நோன்புக்கஞ்சிக்கு ஒரு மூட்டை வரும்னு ஒங்ககிட்ட நேத்துத்தானக்கா சொன்னேன். வாய் சும்மா இல்லாம."

"கடை அரிசியப் போட்டுக் காச்சிக்கலாம். அழுவாத."

"திடல் அரிசி இல்லாம ஒரு வருஷம்கூடக் காச்சுனதில்லையே."

"அல்லாவுக்கு அரிசியோட ஊரு பேரெல்லாம் தெரியணுமா? பசிச்சவன் வயிறு நெறஞ்சா அவன் கணக்குல அது போதாதா?" சைத்தூன் பீவி வாளியைக் கீழே வைத்தார். "அவரு மேல கோவமா இருக்கியா?"

செவ்வந்தி இன்னொரு குண்டான் மொண்டு வெளியே ஊற்றினாள். "கோவப்படக்கூட முடியலக்கா. நாத்தம் வரக்கூடாதுன்னு நெனச்சிருக்காரு. அவ்வளவுதான் நெனச்சிருக்காரு."

நடவு தொடங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒவ்வொரு குத்தையும் வேர் அறாமல் இரண்டாகப் பிரித்து, மிதிபட்ட இடங்களில் ஊன்றினாள் செவ்வந்தி. நுஸைபா எடுத்துக் கொடுத்தாள். பொறுக்கியது அதில் பாதிக்குக்கூடக் காணவில்லை. பாங்கு ஒலி தண்ணீரின் மேல் வந்ததும் சைத்தூன் பீவி கைகால் கழுவிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தார். போகும்போது திரும்பி, "ராத்திரிக்கு ஒல வைக்காத. ரெண்டு பேருக்கும் எங்க வீட்லேருந்து வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன சற்று நேரத்தில் இராஜாங்கம் வரப்பில் வந்து நின்றார். கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, பொழுது சாய விட்டுவிட்டார்கள். தோளில் துண்டு இல்லை. பச்சைத் துண்டை மூட்டையாகக் கட்டி மார்போடு அணைத்திருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சாப்டீங்களா?" என்றாள் அவள், நிமிராமல்.

"சாம்பார் சாதம் போட்டாங்க. எறங்கல."

அவர் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார். உள்ளே பயிர். "என் பிடிய நான் கீழ போடல. இன்னும் ஏழெட்டுப் பேரு வேனுலயும் கையிலயே வச்சிருந்தாங்க. வாங்கிக்கிட்டேன். மண்டபத்துக் குழாயடியில நனைச்சு நனைச்சு வச்சிருந்தேன்."

அவள் ஒரு குத்தை எடுத்து வேரை விரலால் தடவிப் பார்த்தாள். வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

"செவ்வந்தி..."

"வேரு நல்லாருக்கு. பிரிச்சுக் குடுங்க."

அவர் பிரித்துக் கொடுத்தார். மனுவும் பேனாவும் பிடித்தே பழகிவிட்ட விரல்கள். இரண்டு குத்து வேரறுந்து போயிற்று. மூன்றாவதிலிருந்து கை பழைய வேலைக்குத் திரும்பியது. அவள் நட்டுக்கொண்டே போனாள். துண்டில் இருந்தது தீர்ந்தபோது, நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு வெற்றுச் சேறு மிச்சமிருந்தது.

"மதகடிப் பள்ளத்துல இன்னும் கெடக்கும். பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். நாலைந்து குத்தோடு வந்தார். அதை நட்டார்கள். மறுபடி போனார். இந்தமுறை வெகுநேரம் கழித்து, இரண்டோடு வந்தார். ஒன்று நசுங்கிப் போயிருந்தது. அதையும் அவர் கையாலேயே ஊன்றி, சரிந்து விழாமல் சேற்றை அணைத்துவிட்டார். மறுபடியும் சாலைப் பக்கம் திரும்பினார். இருட்டிக்கொண்டு வந்தது. வரப்பில் அவர் கால் இடறியது. வெறும் தோளோடு, குனிந்த முதுகோடு, எதையோ தொலைத்தவர் போல இரண்டு பக்கமும் தண்ணீரைத் துழாவிக்கொண்டு போகிறவரை அவளால் பார்க்க முடியவில்லை.

"போதும்ங்க" என்றாள். "போதும். வாங்க, வீட்டுக்குப் போவலாம்."

அவர் நின்றார்.

அந்த நேரத்தில் அவள் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு தண்ணீரின் மேல், நட்ட பயிரின் மேல், கவிழ்த்து வைத்த குண்டானின் மேல் சொட்டுச் சொட்டாகச் சத்தம் கேட்டது. செவ்வந்திக்குத் தான் சொன்ன சொல் காதில் திரும்ப ஒலித்தது. திடுக்கிட்டு நிமிர்ந்து, சேற்றுக் கைகளை மேலே கூப்பினாள்.

"ஒன்னச் சொல்லல சாமி. இவரச் சொன்னேன்."